தோல் இறுகும் நோயும் நரம்புகளும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் ஒரு பெண் குழாயடியில் பாத்திரம் துலக்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டுச் சில நிமிடங்களுக்குள் அவளுடைய இரண்டு மூன்று விரல்கள் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்துவிடுகின்றன. வெளுத்த பகுதிக்கும் மற்றத் தோலுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை தெரிகிறது. விரல் மரத்துப்போய்விட்டது. சற்று நேரத்தில் வெளுப்பு நீலமாக மாறுகிறது. அடுப்பருகே சென்று கையைக் காட்டியதும் நீலம் போய்ச் சிவந்து, சுருக் சுருக்கென்று குத்துகிறது. அரை மணியில் எல்லாம் சரியாகிவிடுகிறது. வீட்டில் சொன்னால், "உடம்பில் இரத்தம் இல்லை, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்கிறார்கள்.

இப்படி விரல் வெளுப்பவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் பெரிய கேடு எதுவும் வருவதில்லை. சிலருக்கு மட்டும் அது ஸ்க்ளீரோடெர்மா என்னும் நோயின் முதல் அடையாளமாக அமைகிறது. தோல் இறுகும் நோய் என்று நாம் சொல்லலாம். தோல் இறுகுவதற்குப் பல மாதங்களோ, சில சமயம் பல ஆண்டுகளோ முன்னதாகவே விரல்கள் வெளுக்கத் தொடங்கிவிடும். விரலை வெளுக்கச் செய்பவை இரத்தக் குழாய்களும், அவற்றைச் சுருங்கச் சொல்லும் நரம்புகளும். தோலின் பெயரைத் தாங்கிய இந்நோய் நரம்புகளை எங்கெங்கே, எவ்வாறு தொடுகிறது என்பதைப் பார்ப்போம். இதை எழுதும் நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் இந்நோயில் நரம்புகளுக்கு நேரும் துன்பங்கள் பலவும், குழாயில் திரவம் ஓடுவது, இடுக்கில் சிக்கி நசுங்குவது போன்ற, நாம் வகுப்பறையில் பேசும் விஷயங்களாகவே இருக்கின்றன.

கிரேக்க மொழியில் ஸ்க்ளீரோஸ் என்றால் கடினம். டெர்மா என்றால் தோல். 1750-களின் தொடக்கத்தில் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் கார்லோ குர்சியோ, உடல் முழுவதும் தோல் இறுகிப்போன 17 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதிவைத்தார். வெதுவெதுப்பான பால், நீராவிக் குளியல், காலிலிருந்து இரத்தம் வடித்தல், சிறிதளவு பாதரசம் என்று அக்கால முறைப்படி சிகிச்சை நடந்தது. பதினோரு மாதங்களில் தோல் இளகிவிட்டதாம். இவ்வளவு நன்றாகக் குணமானதாலேயே, அவளுக்கு வந்தது வேறு நோயாக இருக்கலாம் என்று இன்று பலர் ஐயுறுகின்றனர். எப்படியாயினும், தோலை வைத்து இட்ட பெயர் பின்வந்த நூற்றாண்டில் நிலைத்துவிட்டது. நோய் தோலோடு நிற்பதில்லை, உணவுக்குழல், நுரையீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் பற்றும் என்பதைக் காட்டும் வகையில் 1945-இல் கேப்டவுன் நகரத்து மருத்துவர் கோட்ஸ் அதற்கு வேறு பெயர் சூட்டினார்.

அந்த உறுப்புப் பட்டியலில் நரம்பு மண்டலத்துக்கு நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. இந்நோயில் மிகுதியாகச் சேர்வது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். மூளையின் திசுவிலோ கொலாஜன் மிகமிகக் குறைவு. நார் இல்லாத இடத்தில் இறுக்கம் எப்படி வரும்? கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒரு நரம்பு கெடுவதற்கு அந்த நரம்பே இறுக வேண்டும் என்பதில்லை. அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபட்டாலும் போதும். அது செல்லும் வழி குறுகினாலும் போதும்.

நோயின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் மிகச் சிறிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதுபடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலின் பொருள்களுக்கே எதிராகக் கிளம்புகிறது. இவற்றின் தூண்டுதலால், காயத்தை ஆற்றுவதற்கென்று கொலாஜனை உண்டாக்கும் செல்கள் ஓயாமல் வேலை செய்யத் தொடங்குகின்றன. சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்க வந்த கொத்தனார், அடைத்த பிறகும் நிறுத்தாமல் வீடு முழுவதும் பூசிக்கொண்டே போனால் எப்படியோ அப்படி. இது ஏன் தொடங்குகிறது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தலைகாட்டுகிறது. இது தொற்றுநோய் அன்று.

வெளுத்த விரல் பற்றிய வழக்கு

விரல் வெளுப்புக்கு ரேனோ நிகழ்வு என்று பெயர். 1862-இல் பாரிசில் தம் மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் இதை விவரித்த மோரிஸ் ரேனோவின் பெயரால் அப்படி வழங்குகிறது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னர்தான் கிளாட் பெர்னார்டு, முயலின் கழுத்தில் பரிவு நரம்பை வெட்டினால் அப்பக்கத்துக் காது சூடாகிச் சிவப்பதைக் காட்டியிருந்தார். இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருப்பவை நரம்புகளே என்பது அதனால் தெளிவாயிற்று. ஆகவே, விரல் வெளுப்பதற்குக் காரணம் நரம்பு மண்டலத்தின் மிகையான கிளர்ச்சியே என்று ரேனோ முடிவு கட்டினார். அதை நம்பிப் பிற்கால அறுவை மருத்துவர்கள் கைக்குச் செல்லும் பரிவு நரம்புகளை வெட்டியும் பார்த்தார்கள். சில காலம் விரல் சூடாக இருக்கும். பிறகு பெரும்பாலும் பழைய கதைதான்.

1929-இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் இதற்கு மறுப்புக் கூறினார். விரலுக்குச் செல்லும் நரம்பை மரக்கச் செய்துவிட்டுக் குளிர்வித்தாலும் விரல் வெளுக்கிறதே, அப்படியானால் கோளாறு விரலின் தமனியிலேயே இருக்க வேண்டும் என்றார். நரம்பா, குழாயா என்ற இவ்வழக்கு பல பதிற்றாண்டுகள் நடந்தது.

இப்போது பார்த்தால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பரிவு நரம்பின் நுனியிலிருந்து நார்அட்ரினலின் என்னும் பொருள் வெளிப்படுகிறது. குழாய்ச் சுவரின் தசைச்செல்லில் அதை ஏற்கும் ஏற்பிகள் உண்டு. பூட்டுக்குச் சாவிபோல் அது பொருந்தியதும் தசை சுருங்குகிறது. இந்த ஏற்பிகளில் ஒருவகை சாதாரண வெப்பநிலையில் செல்லின் உள்ளேயே ஒளிந்துகிடக்கிறது. குளிர்ந்தவுடன் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சுண்டெலியின் வால் தமனிகளில் செய்த சோதனைகள் இதைக் காட்டின. அதாவது குளிரில் நரம்பு அதிகமாகக் கத்த வேண்டியதில்லை. கேட்கும் காது கூர்மையாகிவிடுகிறது. தோல் இறுகும் நோயாளிகளின் நுண்தமனிகளில் இவ்வகை ஏற்பிகளின் துலங்கல் இயல்பைவிட மிகுதி என்றும் கண்டிருக்கிறார்கள். இந்நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு விரல் வெளுப்பது இதனோடு ஒத்துப்போகிறது.

இதன் கொடுமையை உணர்வதற்கு, பாய்மம் பற்றி நாம் படித்த ஒரு விதியை நினைவுகூர வேண்டும். பொய்செய்ல் என்ற பிரெஞ்சு அறிஞர் மருத்துவர். இரத்த ஓட்டத்தை அறியும் ஆவலால்தான் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களை ஓடவிட்டு அளந்தார். அழுத்தம் மாறாதிருக்கும்போது, குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவர் கண்டது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. ஆரம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்தால்? 0.8-இன் நான்காம் மடி ஏறத்தாழ 0.41. பாதிக்கும் மேலான இரத்தம் போய்விட்டது! இரத்தம் சீரான திரவம் அன்று, குழாயும் கண்ணாடி அன்று. ஆகவே எண்கள் அப்படியே பொருந்தா. ஆயினும் போக்கு இதுதான்.

நரம்புக்கும் உணவும் உயிர்வளியும் வேண்டும். இடுப்பருகே தண்டுவடத்தை ஒட்டியிருக்கும் ஒரு செல், பாதத்து விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு இழை விட்டிருக்கிறது. அவ்வளவு நீள இழையை வழியெல்லாம் ஊட்டுபவை நரம்பின் மேலும் உள்ளும் ஓடும் மயிரிழை போன்ற குழாய்கள். இந்நோய் குறிவைப்பது அத்தகைய நுண்குழாய்களையே. சில நோயாளிகளுக்குக் கைகால்களில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

மணிக்கட்டில் ஒரு சுரங்கம்

உங்கள் வலக்கை மணிக்கட்டின் உட்புறத்தை இடக்கையால் தொட்டுப் பாருங்கள். தோலுக்குக் கீழே, எலும்புகள் தரையாகவும் உறுதியான பட்டைநார் கூரையாகவும் அமைந்த ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் அதன் வழியே செல்கின்றன. அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு நடு நரம்பும் செல்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி இந்த நரம்பின் பொறுப்பு. தோல் இறுகும் நோயின் தொடக்கத்தில், தோல் கெட்டியாவதற்கு முன்பு கைகள் வீங்குவதுண்டு. சுரங்கமோ அகலாது. உள்ளிருப்பவை வீங்கினால் நசுங்குவது மெல்லிய நரம்புதான். இரவில் கை மதமதவென்று விழித்து எழுந்து, கையை உதறினால் சற்றுச் சுகம் என்பார்கள். சிலருக்கு, நோய் இன்னதென்று தெரியுமுன்பே இத்தொல்லை வந்துவிடுகிறது.

நசுக்கம் எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை ஓர் அழகான வேகக் கணக்கு. நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை முதன்முதலாக 1850-இல் தவளையின் நரம்பில் அளந்தவர், ஆற்றல் அழியா விதியோடு நாம் சேர்த்துச் சொல்லும் ஹெல்ம்ஹோல்ட்ஸ். வினாடிக்கு 30 மீட்டர் அளவில்தான் இருந்தது. மின்னலைப்போல் பாயும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது வியப்பு. இன்று மருத்துவமனையில் இதே அளவீட்டை மனிதர் கையில் செய்கிறார்கள். கட்டைவிரலின் அடித்தசை மீது மின்வாய் ஒன்றை ஒட்டிவிட்டு, நடு நரம்பை முதலில் மணிக்கட்டிலும் பிறகு முழங்கையிலும் சிறு மின்துடிப்பால் தூண்டுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கட்டில் தூண்டியபோது தசை துடிக்க 3.5 மில்லிவினாடி ஆகிறது. முழங்கையில் தூண்டினால் 7.5 மில்லிவினாடி. இரு இடங்களுக்கும் இடைத்தொலைவு 20 சென்டிமீட்டர். அதைக் கடக்க 4 மில்லிவினாடி. வேகம் வினாடிக்கு 50 மீட்டர். இஃது இயல்பான கை. இனி நோயாளியின் கை. மணிக்கட்டிலிருந்து 6 மில்லிவினாடி, முழங்கையிலிருந்து 10 மில்லிவினாடி. கழித்துப் பாருங்கள்: முன்கையில் அதே 4 மில்லிவினாடிதான். முன்கை நரம்பு நன்றாக இருக்கிறது. தாமதம் முழுவதும் சுரங்கத்துக்குள். கையைக் கீறாமலே பழுது உள்ள இடம் தெரிந்துவிட்டது. முன்கையிலும் காலிலும் கூட வேகமோ துடிப்பின் உயரமோ குறைந்திருந்தால், நசுக்கம் மட்டுமன்று, நரம்புகளே பரவலாகப் பழுதுபட்டுள்ளன என்று பொருள்.

ஒன்றை மறக்க வேண்டாம். மணிக்கட்டு நரம்பு நசுங்குவது தைராய்டுக் குறைவு, நீரிழிவு, கர்ப்பம் ஆகியவற்றிலும் மிகச் சாதாரணம். கை மரத்தவர்களெல்லாம் தோல் இறுகும் நோயாளிகள் என்று பயந்துவிடக் கூடாது. மரப்போடு விரல் வெளுப்பும், விரல்களின் வீக்கமும் சேர்ந்திருந்தால்தான் ஐயம் வலுப்படுகிறது.

முகத்தில் மரப்பு

மூளையிலிருந்து நேரே கிளம்பும் பன்னிரண்டு இணை நரம்புகளுள், இந்நோயில் பெரும்பாலும் அகப்படுவது ஐந்தாவது. நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளைகளாகப் பிரிந்து முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்வதால் அதனை முக்கிளை நரம்பு என்கிறோம். இதன் உணர்ச்சிச் செல்கள் மண்டையோட்டின் அடியில் ஒரு முடிச்சாகத் திரண்டிருக்கின்றன. நரம்பிழைகளை இரத்தத்தில் உள்ள தீங்கான பொருள்களிலிருந்து காக்கும் தடுப்பு, இத்தகைய முடிச்சுகளில் தளர்வானது. இதுவே அது எளிதில் தாக்கப்படுவதற்குக் காரணம் என்பது பலர் கருத்து.

கன்னத்திலோ உதட்டோரத்திலோ மரப்பு தொடங்கி மெல்லப் பரவும். பல் மருத்துவர் ஊசி போட்டால் இருக்குமே, அப்படி. சிலருக்கு வலியும் உண்டு. மெல்லும் தசைகள் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். இத்தொல்லை வருவது நோயாளிகளுள் ஒருசிலருக்குத்தான் என்றாலும், தோல் இறுகுவதற்கு முன்பே வரக்கூடும் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. பல்லில்தான் கோளாறு என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்வதற்கு முன், விரல்கள் குளிரில் வெளுக்கின்றனவா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

தலைகீழாக நின்று தண்ணீர் குடிக்க முடியுமா?

முடியும். உணவுக்குழலின் சுவர் அலையலையாகச் சுருங்கிக் கவளத்தைத் தள்ளுவதால், புவியீர்ப்பை எதிர்த்தும் உணவு இரைப்பைக்குச் சென்றுவிடும். ஆனால் தோல் இறுகும் நோயாளிகள் பலரால் இது முடியாது. அவர்களுக்குப் பேரியக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, படுக்கவைத்து எக்ஸ்ரேயில் பார்த்தால் அது குழலிலேயே தங்கிவிடும். எழுந்து நின்றால் கீழிறங்கும். தசை செய்ய வேண்டிய வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது.

உணவுக்குழலின் மேற்பகுதியில் இருப்பது நம் கைத்தசையைப் போன்ற வரித்தசை. அதற்கு இந்நோயில் கெடுதல் இல்லை. ஆகவே தொண்டையில் விழுங்குவது எளிது. நெஞ்சுக்குள் வந்ததும் உணவு நின்றுவிடுகிறது. கீழ்ப்பகுதியில் உள்ள மென்தசையை ஆட்டுவிப்பது குழல் சுவருக்குள்ளேயே பின்னிக்கிடக்கும் நரம்பு வலை. முதலில் கெடுவது தசையா, நரம்பா?

1972-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இக்கேள்வியைப் புத்திசாலித்தனமாகப் பிரித்துப் பார்த்தது. மின்விசிறி ஓடவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? சுவிட்சைத் தட்டிப் பார்ப்போம். பிறகு மோட்டாருக்கே நேராக மின்சாரம் கொடுத்துப் பார்ப்போம். அவ்வாறே அவர்கள், நரம்பின் வழியாக வேலை செய்யும் மருந்தைக் கொடுத்தும், தசையையே நேராகத் தூண்டும் மருந்தைக் கொடுத்தும், உணவுக்குழலின் அடியில் உள்ள இறுக்குத்தசையின் அழுத்தத்தை அளந்தார்கள். நேரடி மருந்துக்குத் தசை நன்றாகச் சுருங்கிய சிலரிடம், நரம்பு வழி மருந்துக்குத் துலங்கல் குன்றியிருந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது, கம்பியில் கோளாறு! நோய் முற்றிய பிறகு தசையும் மெலிந்து நாராகிவிடும். அப்போது எந்த மருந்துக்கும் அது அசையாது. பிற்காலத்தில் சில நோயாளிகளின் இரத்தத்தில், நரம்பு விடுக்கும் அசிட்டைல்கோலின் தசையின் ஏற்பியில் பொருந்தாதபடி தடுக்கும் எதிர்ப்பொருள்களும் கண்டறியப்பட்டன. நார் சேருமுன்பே நரம்புக்கும் தசைக்கும் உள்ள பேச்சு தடைபடுகிறது என்ற எண்ணத்துக்கு இது வலுவூட்டுகிறது.

இறுக்குத்தசை தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் உண்டாகும். அதற்கு மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றோடு, சாப்பிட்டவுடன் படுக்காமல் இருப்பதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொள்வதும் உதவும். சாய்தளத்தைப் பயன்படுத்தும் மருத்துவம் இது. இரண்டு தலையணை வைப்பது இதற்கு ஈடாகாது. வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும்.

மூளைக்கு வரும் ஆபத்து

மூளை பெரும்பாலும் தப்பிவிடுகிறது என்ற பழைய கருத்து முற்றிலும் தவறன்று. ஆயினும் இரண்டு நிலைமைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, உடல் முழுதும் பரவாமல் ஓரிடத்தில் மட்டும் தோல் இறுகும் வேறு வகை. நெற்றியில் வாளால் வெட்டிய தழும்புபோல் ஒரு கோடு பள்ளமாக இறங்கும்; பெரும்பாலும் சிறு வயதில் வரும். இவர்களுள் சிலருக்கு வலிப்பு உண்டாகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில், தழும்பு உள்ள அதே பக்கத்து மூளையில் மாற்றங்கள் தெரிவதுண்டு. நெற்றியில் இத்தகைய கோடு உள்ள குழந்தைக்கு வலிப்பு வந்தால் இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மற்றொன்று சிறுநீரகத்தின் வழியாக வருவது. உடல் முழுதும் பரவும் வகையில், சிறுநீரகத்தின் சிறு தமனிகள் குறுகி, இரத்த அழுத்தம் சில நாட்களில் திடீரென்று ஏறிவிடக்கூடும். கடுமையான தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு என்று மூளை துன்புறும். பழுது வேறிடத்தில், துடிப்பது மூளை. முன்னாளில் இந்நிலைமையை அடைந்து ஓராண்டு பிழைத்தவர் மிகச் சிலர். பிரேசில் நாட்டுப் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த கேப்டோப்ரில் என்னும் மருந்தும் அதன் இனத்தவையும் 1980-களில் வழக்குக்கு வந்தபின், நான்கில் மூவர் அளவுக்கு அந்த ஓராண்டைக் கடந்தனர். ஆகவே இந்நோயாளிகள் இரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரை இந்நெருக்கடியைத் தூண்டிவிடக்கூடும். மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி விழுங்குவது இவர்களுக்கு மிக ஆபத்து.

நம் நாட்டில் இன்னொரு துன்பமும் உண்டு. தோலில் மாற்றம், கையில் மரப்பு, ஆறாத விரல் புண் என்று மூன்றும் சேர்ந்தால் அக்கம்பக்கத்தார் தொழுநோய் என்று முணுமுணுப்பார்கள். தொழுநோயில் கிருமி நரம்புக்குள்ளேயே குடியேறுகிறது. தேமல் போன்ற இடத்தில் தொடுவுணர்ச்சி போய்விடுகிறது. தோல் இறுகும் நோயில் கிருமி இல்லை. இறுகிய தோலிலும் உணர்ச்சி பெரும்பாலும் இருக்கும். தொழுநோயும் இன்று மருந்தால் குணமாகக் கூடியதே. எதுவாயினும் ஒளித்துவைப்பதால் நரம்புகள்தாம் வீணாகின்றன. செத்த நரம்பிழையை மீட்பது எளிதன்று.

தோல் இறுகும் நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் குழாய்களைத் தளர்த்தும் மாத்திரைகளும், எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகளும் இருக்கின்றன. மணிக்கட்டு நரம்பு மிகவும் நசுங்கினால் கூரைப் பட்டையை வெட்டி விடுவிக்கிறார்கள். கையுறையும் காலுறையும் போட்டு உடலைச் சூடாக வைத்துக்கொள்வதும், புகையிலையை விடுவதும் நோயாளி தாமே செய்யக்கூடியவை.

முதலில் சொன்ன பெண் மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? அவர் அவளுடைய விரல்களையும் முகத்தையும் தொட்டுப் பார்ப்பார். விழுங்குவதில் தடை உண்டா, கை மரக்கிறதா என்று கேட்பார். இரத்தத்தில் செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உள்ளனவா என்று சோதிக்கச் சொல்வார். பிறகு நகத்தின் அடியில் தோல் தொடங்கும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு, உருப்பெருக்கி வழியே நோக்குவார். எண்ணெய் எதற்கு? தோலின் சொரசொரப்பில் ஒளி சிதறுவதை அது குறைத்து, மேல்தோலைக் கண்ணாடிபோல் ஆக்குகிறது. நல்ல உடலில் தந்துகிகள் கொண்டை ஊசிகளை அடுக்கியதுபோல் ஒரே சீராக வரிசையில் நிற்கும். நோய் தொடங்கியிருந்தால் சில வளையங்கள் பூதாகாரமாக வீங்கியிருக்கும். இடையிடையே தந்துகியே இல்லாத வெற்றிடங்களும் தெரியலாம். வரிசை சீராக இருந்து, இரத்தச் சோதனையிலும் எதுவும் தெரியாவிட்டால், பெரும்பாலும் அவள் அஞ்ச வேண்டியதில்லை. வெந்நீரில் பாத்திரம் துலக்கும்படி சொல்லி அனுப்பிவிடுவார்.